நான்காம் தடத்தில் ஒரு பொட்டு

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. எலுமிச்சம்பழம் மூன்றா நான்கா, தலைவர் அன்று கட்டியிருந்தது பட்டு வேட்டியா பாலியஸ்டரா, திரையில் கடிகாரம் அன்று ஓடியது ஏழு மணி நேரமா எட்டா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நானும் ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆர்த்திகா ஓடினாள். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அதைச் சந்தேகப்படுவதற்கென்றே ஒரு சங்கம் இருந்ததால் நான் வேறு தனியாகச் சந்தேகப்பட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

ஆர்த்திகாவுக்கு ஊர் எழுமலை. வயது இருபத்து நாலே முக்கால். கப்பலூரில் பிளாஸ்டிக் வாளி செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் வாளிகளுக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தாள். விடியுமுன் கண்மாய்க்கரையில் ஓடிவிட்டு, ஆறே காலுக்குக் கம்பெனி வேனைப் பிடித்து, கப்பலூர் வரும்வரை ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குவாள். நானூறு மீட்டர் அவளுடைய ஓட்டம். அதிகம் பேசமாட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாகும் என்பதால் பாதிப் பேர் கேள்வியையே மறந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த ஆண்டு ஒரு மத்திய அரசு அலுவலகம் விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தது. பெண்கள் நானூறு மீட்டரை ஐம்பத்தேழரை வினாடிக்குள் ஓடியிருக்க வேண்டும். வயது இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. செப்டம்பர் முப்பதுக்குள் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும். கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: கையால் பார்த்த நேரம் ஏற்கப்படாது, மின்னணு நேரம் மட்டுமே ஏற்கப்படும்.

ஆர்த்திகா அந்த நேரத்துக்குள் பதினோரு தடவை ஓடியிருந்தாள். பதினொன்றும் மைதானத்தில் நேரம் பார்க்கும் பெரியவர் காளையின் ஸ்டாப்வாட்சில் பதிந்தவை. டிசம்பரில் அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் மதுரைச் சமவெளி தடகள முன்னேற்றச் சங்கம், கோட்டைக் கடக்கிறவர்களைப் படமெடுத்து மின்னணு நேரம் சொல்லும் ஒரு போட்டோ ஃபினிஷ் கேமராவை வாங்கியது.

சங்கத்தின் மைதானம் பரவையைத் தாண்டி, திண்டுக்கல் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. செம்மண் ஓடுதளம், சுண்ணாம்புக் கோடுகள், எட்டுத் தடங்கள். சங்கத் தலைவர் அழகுபாண்டி அரிசி ஆலை வைத்திருந்தார். ஆலைக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தை மைதானமாகக் கொடுத்ததைத் தவிர ஓட்டத்துக்கும் அவருக்கும் வேறு பழக்கம் இல்லை. கேமரா ஆடி மாதம் வந்து இறங்கியது என்றே வைத்துக்கொள்வோம். ஆடியில் புதுச் சாமானைப் பிரிக்கக் கூடாது என்று பெட்டியை அப்படியே ஆலைக்குள் வைத்துவிட்டார்கள். ஓராண்டு உத்தரவாதத்தில் ஒரு மாதம் பெட்டிக்குள்ளேயே கழிந்தது. பயிற்சி கொடுக்கக் கம்பெனியிலிருந்து வந்தவர் இரண்டு நாள் தங்கி, அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த படத்தைத் தொட்டுக் காட்டியே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பயிற்சியை முழுமையாகப் பெற்றவர் சங்கத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் சூரியபிரகாஷ்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டார்கள். பூஜைக்கு வராத வீரர்களுக்கு நெஞ்சு எண் கிடையாது என்று அறிவித்திருந்ததால் ஆர்த்திகா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றாள்.

முடிவுக் கோட்டின் ஓரத்தில், கண்ணாடி முகப்பு வைத்த பெட்டிக்குள் கேமரா முக்காலியின் மேல் நின்றது. முக்காலியின் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஓர் எலுமிச்சம்பழம். தலைவர் சூடம் காட்டினார். பிறகு சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் வந்தார்.

"அண்ணே, பெட்டி மேல வைங்க," என்றார் சூரியபிரகாஷ், தாழ்ந்த குரலில்.

"திருஷ்டி எங்கப்பா படும்? கண்ணுலதான படும். கண்ண விட்டுட்டு முதுகுல வைக்கச் சொல்றியா?"

கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு ரூபாய் அளவுக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சூரியபிரகாஷும் போட்டுக்கொண்டார்.

தலைவர் பேசினார்.

"இதுவரைக்கும் இந்த மைதானத்துல நடந்ததெல்லாம் மனுசக் கண்ணு பாத்த கணக்கு. மனுசக் கண்ணு சொந்தம் பாக்கும், பந்தம் பாக்கும். எம் மகனையே எடுத்துக்கங்க. ரெண்டாயிரத்துப் பதினெட்டுல இதே எடத்துல அஞ்சாவதா வந்தான். மொதப் பரிசு குடுத்தாங்க. வாங்கிக்கிட்டான். வேணாம்னு சொன்னா குடுத்தவுக மனசு சங்கடப்படும்ல. இனிமே அந்தச் சங்கடம் யாருக்கும் கெடையாது. இந்த மெசினுக்கு அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்ல. இது சொன்னா சொன்னதுதான்."

முதல் ஆளாகக் கை தட்டியது அவர் மகன்.

இருபத்திரண்டு வருடமாக அதே முடிவுக் கோட்டில் ஸ்டாப்வாட்சோடு நின்ற காளைக்கு அன்று பொன்னாடை போர்த்தித் தண்ணீர் கேன் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

பந்தயம் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் வீரர்கள் எல்லோரும் செயலியில் முகத்தைப் பதிய வேண்டும். ஆர்த்திகா வீட்டில் பதிந்தபோது முகம் சரியாகத்தான் இருந்தது. மைதானத்தில் வெயிலில் உடம்பைச் சூடாக்கிவிட்டு வந்து நின்றபோது முகம் பொருந்தவில்லை என்றது. வேர்வையைத் துடைத்துவிட்டு வரச் சொன்னார்கள். துடைத்தாள். மூச்சு வாங்காமல் நிற்கச் சொன்னார்கள். நின்றாள். கடைசியில் அவளுக்குப் பின்னால் நின்றிருந்த பெண்ணின் முகத்தை ஆர்த்திகா என்று ஒப்புக்கொண்டு அது வாயிலைத் திறந்துவிட்டது.

அடுத்தது காலணி. இப்போதெல்லாம் அடியில் கார்பன் தகடு வைத்த காலணிகள் வந்துவிட்டதாம், போட்டு ஓடினால் காலே தானாகத் துள்ளுமாம். அதனால் அடிப்பாகம் இருபது மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று அளந்து பார்க்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். அந்த மைதானத்துக்கு அப்படிப்பட்ட காலணி ஒன்றுகூட இதுவரை வந்ததில்லை. ஆர்த்திகாவின் ஸ்பைக்ஸ் நாலு வருடம் உழைத்தது. கருவி பூஜ்யம் என்று காட்டியது. காலில் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஓடச் சம்மதிக்கிறேன் என்ற படிவத்தை நீட்டினார்கள். அவள் காலில் கிடந்த காலணியைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். ஓட விட்டால் போதும் என்றிருந்தது.

நான்காம் தடம் அவளுக்கு. ஐந்தாம் தடத்தில் பரவை சத்யப்ரியா. அவள் அப்பாவுக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி. இருவரும் ஆறு வருடமாக எதிரெதிராக ஓடிக்கொண்டிருப்பவர்கள்.

"என்னடி, வெறுங்கால்னு போட்டிருக்கு," என்றாள் சத்யப்ரியா, திரையைப் பார்த்துவிட்டு. "சாமிக்கு நேந்துக்கிட்டியா?"

ஆர்த்திகா பதில் யோசிப்பதற்குள் துப்பாக்கி வெடித்தது.

அவள் எப்படி ஓடினாள் என்று நான் விரித்துச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மனிதக் கண்ணின் கணக்காகிவிடும். முதல் வளைவில் சத்யப்ரியாவை எட்டினாள். எதிர்ப்பக்க நேர்த்தடத்தில் காற்று முகத்தில் அடித்தது. கடைசி நூறு மீட்டரில் நெஞ்சு எரிந்தது, கால் தன்னுடையது மாதிரி இல்லை. கோட்டைத் தாண்டும்போது பக்கத்தில் யாரும் இல்லை. குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் காதில், தண்ணீர் கேன் பக்கமிருந்து காளையின் குரல் கேட்டது.

"அம்பத்தாறு புள்ளி ஒம்பது தாயி."

பழக்கம் விடவில்லை. கை, பைக்குள் இருந்தபடியே பொத்தானை அழுத்தியிருந்தது.

ஆர்த்திகா நிமிர்ந்து பெரிய திரையைப் பார்த்தாள். முதலிடம் ஐந்தாம் தடம், சத்யப்ரியா. வரிசையாக ஏழு பெயர்கள். கீழே, நான்காம் தடம் என்ற சொல்லுக்கு நேராகக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் பதினெட்டு. ஒரு நிமிடம் பத்தொன்பது.

ஒலிபெருக்கி பேசியது. "நான்காவது லேனில் ஓடிக்கொண்டிருக்கும் வீராங்கனை விரைவில் ஓடி முடிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். அடுத்த போட்டிக்கு வீரர்கள் காத்திருக்கிறார்கள்."

அவள் நடுவர் மேசைக்குப் போனாள்.

"சார், நாந்தான் நாலாவது லேன்."

சூரியபிரகாஷ் லேப்டாப்பிலிருந்து தலை தூக்கவில்லை. "முடிச்சிட்டு வாங்கம்மா."

"முடிச்சிட்டேன் சார்."

"சிஸ்டத்துல இன்னும் முடிக்கல."

"அப்ப நான் இங்கன எப்படி நிக்கிறேன்?"

அவர் தலை தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்ற குழப்பம் அவர் முகத்தில் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"நீங்க கெளம்புனது கரெக்ட்டா இருக்கு. ஸ்டார்ட்டிங் பிளாக்குல சென்சார் இருக்குல்ல, அது சொல்லுது. அருமையான ஸ்டார்ட். ஆனா வந்து சேரல."

"நடுவுல எங்க சார் போனேன்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினார். ஏழு பெண்கள் நெஞ்சை முன்னால் தள்ளியபடி கோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். படத்தின் நடுவில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மஞ்சளும் சிவப்புமாக ஒரு பட்டை. அந்தப் பட்டையின் மேல் விளிம்பில், மற்ற எல்லோருக்கும் முன்னால், கறுப்பாக ஏதோ கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.

"அது என் சடை சார்."

"சடை மட்டும் வந்தா செல்லாதும்மா. ரூல்படி நெஞ்சு வரணும்."

ஆர்த்திகா அந்தப் பட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முடிவுக் கோட்டின் ஓரத்தில் நின்ற கேமராவைப் பார்த்தாள். "சார், கண்ணாடியில பொட்டு இருக்கு. அதத் துடைச்சிட்டா..."

தலைவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு திரும்பினார்.

"யாரு வச்ச பொட்டு அது?"

"நீங்க வச்சது சார்."

"தெரியுதுல்ல? பூஜை போட்டு நாப்பத்தெட்டு நாள் கழிச்சு மண்டல பூஜை. அக்டோபர் ஏழாந் தேதி. அதுவரைக்கும் அது மேல கை படக் கூடாது. மெசினுக்கு ஒண்ணுன்னா நீயா பொறுப்பு?"

"அதோட கம்பெனி ஆளத் தவிர வேற யாரும் கண்ணாடியத் தொட்டா வாரண்டி போயிரும்," என்றார் சூரியபிரகாஷ்.

"பொட்டு வச்சப்பத் தொடலையா?"

"அது வச்சது. தொடச்சாத்தான் தொட்டது."

காளை தண்ணீர் டம்ளர்களோடு பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, நான் பாத்தேன். இந்தப் பிள்ளைதான் மொதல்ல வந்துச்சு. வாட்ச்சுல இருக்கு."

தலைவர் ஒரு டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னார். "காளை, ஒனக்குக் குடுத்தது தண்ணிதான?"

தடத்தில் ஆள் இருக்கும்போது அடுத்த பந்தயத்துக்குத் துப்பாக்கி வெடிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே அன்றைய மீதிப் போட்டிகள் ஒத்திவைக்கப்பட்டன. திண்டுக்கல்லிலிருந்து ஈட்டியோடு வந்தவர்கள் ஈட்டியோடு பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் ஈட்டிக்கும் டிக்கெட் கேட்டதால் அவர்கள் எல்லோரும் ஆர்த்திகாவின் மேல் கோபமாகப் போனார்கள். மாலையில் மைதானத்தைப் பூட்டியபோது திரையில் ஏழு மணி நேரம் ஓடியிருந்தது.

வீட்டில் அம்மா ஒச்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கு மகள் ஓடுவது பிடிக்கும். ஆனால் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

"ஓடுனது கண்ணுக்குத் தெரியலன்னுட்டாகளா?"

"ஆமாம்மா."

"நம்மளக் கண்ணுக்குத் தெரியாதது அவகளுக்கு என்ன புதுசா? அதுக்கு எதுக்கு அம்புட்டுப் பெரிய மெசினு?"

ஒரு வாரம் கழித்துச் சங்கத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. பந்தயத்தின் கோப்பு மூடப்பட வேண்டுமென்றால் புறப்பட்ட எட்டுப் பேருக்கும் முடிவு வேண்டும். ஏழு பேருக்கு இருக்கிறது. எட்டாவது ஆள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். கோப்பு மூடாமல் யாருக்கும் சான்றிதழ் அச்சாகாது. எனவே, 'நான் ஓட்டத்தை முடிக்கவில்லை' என்று இணைப்பில் உள்ள படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

அவள் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்று எழுதவும் இல்லை. படிவத்தை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் சத்யப்ரியா கப்பலூருக்கே வந்துவிட்டாள். டீ இடைவேளையில் தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்கூட்டி நிழலில் நிற்க, அவள் வெயிலில் நின்றாள்.

"கையெழுத்துப் போட்டுக் குடேன்டி. எனக்கு உடற்கல்வி படிக்க எம்பிஎட் சீட்டுக்கு முப்பதாந் தேதி கடைசி. எங்கப்பா மூணு தடவ போயிட்டு வந்துட்டாரு, கத்தரிக்கா மூட்டையெல்லாம் அப்படியே போட்டுட்டு. நீ போட்டாத்தான் ஏழு பேருக்கும் வருமாம்."

ஆர்த்திகா டீயைக் குடித்து முடித்தாள். "நீ பாத்தியா பாக்கலையா?"

"எத?"

"நான் முடிச்சத."

"பாக்காம? கடைசி நூறு மீட்டர் பூரா ஒஞ் சடையத்தான பாத்துக்கிட்டு வந்தேன். அங்கிட்டும் இங்கிட்டும் ஆடிக்கிட்டு. பிடிச்சு இழுத்துரலாமான்னு இருந்துச்சு."

"அத எழுதிக் குடு."

சத்யப்ரியா ஸ்கூட்டி சாவியை விரலில் சுற்றினாள். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. டீ இடைவேளை முடிந்து மணி அடித்தது. இரண்டு பேரும் நகரவில்லை.

"எழுதிக் குடுத்தா நான் ரெண்டாவது," என்றாள் சத்யப்ரியா.

"ஆமா."

"எம்பிஎட் சீட்டுக்கு மொத எடம் கேக்குறாங்கடி."

ஆர்த்திகா உள்ளே போய்க் கைப்பிடி மாட்டத் தொடங்கினாள். அன்று மாலைவரை மாட்டிய கைப்பிடிகளில் பதினாறு தலைகீழாக இருந்ததாக மேற்பார்வையாளர் பிறகு சொன்னார். படிவம் பையிலேயே கிடந்தது. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுத் தூக்கைப் போலவே அதுவும் அவளோடு போய் அவளோடு திரும்பியது. தன் ஒருத்தியின் பேனா இன்னும் ஏழு பேரின் வழியை மறித்துக்கொண்டு நிற்பதை அவள் மறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"எழுதிக் குடுத்துட்டேன்டி," என்றது சத்யப்ரியாவின் குரல். "அப்பாவுக்குத் தெரியாது. ஆனா வாங்கிப் படிச்சிட்டு, இது மனுசக் கண்ணால பாத்தது, செல்லாதுங்குறாங்க. வேணும்னா ஒரு தடவ ஓடிக் காட்டச் சொல்லு, மெசின் பாத்துச் சொல்லட்டும்னாரு தலைவர். நீ ஓடிக் காட்டு. அதுக்கப்புறமும் ஒத்துக்கலன்னா கையெழுத்துப் போட்டுரு. சரியா?"

"சரி," என்றாள் ஆர்த்திகா, உடனே.

மறு ஆய்வு ஓட்டம் செப்டம்பர் இருபத்தேழு. ஆர்த்திகா மூன்றாம் தடத்தில் ஓடுகிறேன் என்றாள். சூரியபிரகாஷ் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு முடியாது என்றார்.

"சிஸ்டத்துல நீங்க இன்னும் நாலாவதுலதான் ஓடிக்கிட்டு இருக்கீங்க. ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு லேன்ல ஓட முடியாதுல்ல?"

"அந்தப் பொட்டு நாலாவதுலதான சார் மறைக்குது."

"மறைக்குதுன்னு நீங்க சொல்றீங்க. மெசின் அப்படிச் சொல்லல." இதைச் சொல்லும்போது அவர் ஆர்த்திகாவைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும். பூஜையன்றே தெரியும். ஆனால் வருகிற ஆவணியோடு முடிகிற அவருடைய பொறுப்பைப் புதுப்பிக்க வேண்டியவர் தலைவர்.

ஓட்டத்துக்கு முன் தலைவர் ஐந்து நிமிடம் பேசினார். கேட்க ஆறு பேர்தான் இருந்தார்கள் என்றாலும் மைக் வைத்தார்கள்.

"ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அநியாயம் நடந்துரக் கூடாதுன்னுதான் இம்புட்டு ஏற்பாடும். நாங்க நெனச்சிருந்தா அன்னைக்கே கண்ணால பாத்து முடிவு சொல்லியிருக்கலாம். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என் கண்ணு முன்னாடிதான் இந்தப் பிள்ளை மொதல்ல வந்துச்சு. ஆனா என் கண்ண நானே நம்பக் கூடாதுங்குற எடத்துக்கு இந்தச் சங்கம் வளந்திருக்கு. இதவிட வேற என்ன வளர்ச்சி வேணும்?"

ஆர்த்திகா பிளாக்கில் கால் வைத்தாள். துப்பாக்கி வெடித்தது. தனியாக ஓடுவது அவளுக்குப் பழக்கம்தான், கண்மாய்க்கரையில் தினமும் அப்படித்தான். ஆனால் இரண்டாம் வளைவைத் திரும்பி நேர்த்தடத்துக்கு வந்தபோது ஒன்றைக் கவனித்தாள். தலைவர், சூரியபிரகாஷ், குழுவினர் எல்லோரும் மேசையில் வைத்திருந்த திரையைச் சுற்றி நெருக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லா முதுகுகளும் அவள் பக்கம் இருந்தன. அவள் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர்: தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் காளை, வேலியோரத்தில் சத்யப்ரியா.

கோட்டைத் தாண்டினாள். காளை பைக்குள் கைவிட்டபடி தலையை ஆட்டினார். முதுகுகள் அசையவில்லை.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே நடந்துபோய் அந்த முதுகுகளுக்குப் பின்னால் நின்று, இடையில் கிடைத்த இடைவெளி வழியே தானும் திரையைப் பார்த்தாள். மஞ்சளும் சிவப்புமாகப் பட்டை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னுமா வரல?" என்றார் ஒருவர்.

"வருவா, பொறுங்க," என்றார் தலைவர். கூட்டம் நெருக்கவே, யார் என்று பார்க்காமலே, "தள்ளி நில்லும்மா, மறைக்குது," என்று ஆர்த்திகாவிடம் சொன்னார்.

அவள் தள்ளி நின்றாள். தன்னைத் தானே எதிர்பார்த்துக்கொண்டு அவர்களோடு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காளை இரண்டு நிமிடம் என்கிறார், சத்யப்ரியா பத்து நிமிடம் என்கிறாள். பிறகு அவள் நடந்துபோய், முக்காலியின் முன்னால் நின்று, கண்ணாடியில் காய்ந்திருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தாள். செதில் செதிலாக உதிர்ந்தது. விரலில் ஒட்டிய குங்குமத்தை எங்கே துடைப்பதென்று தெரியவில்லை. நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் பட்டை மறைந்தது. எட்டுத் தடங்களும் சுண்ணாம்புக் கோடு தெரியத் தெளிவாகத் தெரிந்தன.

"இதச் சொல்லுங்க," என்றார் தலைவர். குரலில் அப்படி ஒரு நிம்மதி. "இப்ப எம்புட்டுச் சுத்தமாத் தெரியுது பாருங்க. நாலாவது லேன்ல ஈ காக்கா இல்ல."

குழுவினர் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். நான்காம் தடம் காலியாகத்தான் கிடந்தது.

படம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது வீராங்கனையின் கையெழுத்துத் தேவையில்லை என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். சூரியபிரகாஷ் 'முடிக்கவில்லை' என்று அடித்தார். கோப்பு மூடியது.

"சார், இப்பக் கண்ணாடி சுத்தமா இருக்கு," என்றாள் ஆர்த்திகா. "இன்னொரு தடவ ஓடுறேன்."

அப்போதுதான் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். முதலில் முகத்தை, பிறகு நெற்றியை.

கருவியைத் தொட்டவர்கள் இரண்டு வருடம் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள முடியாது என்பது பத்தொன்பதாம் விதி. அன்று மாலை எழுதப்பட்டது.

பிறகு நடந்தது இவ்வளவுதான். ஏழு பேருக்கும் மறுநாளே சான்றிதழ் வந்தது. சத்யப்ரியாவுக்கு முதலிடம் என்று வந்தது. அதை வைத்து எம்பிஎட் சேர்ந்தாள். தான் இரண்டாவதாக வந்ததாக எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் அவளிடம் இருக்கிறது, சான்றிதழோடு சேர்த்து ஒரே உறையில் வைத்திருக்கிறாள். காளை தண்ணீர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். ஸ்டாப்வாட்சில் அந்த இரண்டு நேரங்களையும் அழிக்கவில்லை. இரண்டாவது ஓட்டம் ஐம்பத்தாறு புள்ளி ஆறு. சூரியபிரகாஷின் பொறுப்பு இன்னும் மூன்றாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. அக்டோபர் ஏழில் மண்டல பூஜை சிறப்பாக நடந்தது. தலைவர் கண்ணாடியில் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். இந்த முறை கொஞ்சம் பெரியது. நான்காம் தடத்துக்கும் ஐந்தாம் தடத்துக்கும் இப்போது ஆள் போடுவதில்லை, ஆறு பேர்தான் ஓடுகிறார்கள். ஒச்சம்மாள் அந்தப் பதிவுத் தபாலை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

ஆர்த்திகாவுக்கு டிசம்பரில் இருபத்தைந்து முடிந்தது. கப்பலூரில்தான் இருக்கிறாள், இப்போது மூடி மாட்டும் பிரிவில். போன மாதம் அங்கே முகத்தைக் காட்டி வருகை பதியும் இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். வேர்வையோடு போய் நின்றாலும் அது அவளை முதல் தடவையிலேயே கண்டுகொள்கிறது. ஒரு நிமிடம் பிந்தி வந்தால் அதையும் கண்டுகொள்கிறது.